கலைச்சொல்: முழுவெற்றிப் பருவம், வெற்றியிலாப் பருவம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் எல்லா ஆட்டங்களையும் வெல்லும் சீசனுக்குப் 'பரிபூரணப் பருவம்', ஒன்றைக்கூட வெல்லாததற்கு 'முழுத்தோல்விப் பருவம்' என்று குழுவில் ஐயா முன்வைத்திருந்தார். முதலாவது ஆன்மிகச் சொற்பொழிவின் தலைப்புபோல ஒலிக்கிறது. நான் 'முழுவெற்றிப் பருவம்' என்பேன்; அது ரசனை சம்பந்தப்பட்டது, விடுவோம். இரண்டாவதில் பொருளே இடிக்கிறது.

அந்நாட்டின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், 1960இல் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி 11 ஆட்டங்களில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. வேலைநிறுத்தத்தால் சுருங்கிப்போன 1982 சீசனில் பால்டிமோர் கோல்ட்ஸுக்கு 8 தோல்வி, 1 சமன். வெற்றி இல்லைதான், ஆனால் முழுத்தோல்வியும் இல்லையே! எனவே பொதுச்சொல்லாக 'வெற்றியிலாப் பருவம்' இருக்கட்டும். 'முழுத்தோல்வி' அதற்குள் அடங்கும்: 1976இல் டாம்பா பே பக்கனியர்ஸ் 14 ஆட்டங்களிலும், 2008இல் டெட்ராய்ட் லயன்ஸும் 2017இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸும் 16 ஆட்டங்களிலும் தோற்றன. அதேபோல, 10 வெற்றி, 2 சமன் என்று முடித்த 1922 கேன்டன் புல்டாக்ஸின் சீசன் 'தோல்வியிலாப் பருவம்', முழுவெற்றி ஆகாது.

அப்புறம், முழுவெற்றி, முழுத்தோல்வி இரண்டில் எதற்கு வாய்ப்பு அதிகம் என்று குழுவில் தம்பி கேட்ட கேள்வி. பருவம் எங்கே முடிகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. மோசமான அணிக்கு லீக் சுற்றோடு வேலை முடிந்தது. நல்ல அணி அதன்பின் வரும் பிளே-ஆஃபிலும் (தோற்றால் வெளியேறும் சுற்று) வென்றாக வேண்டும். 2007இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 16 லீக் ஆட்டங்களையும் வென்றுவிட்டு, இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஜயன்ட்ஸிடம் 17-14 எனத் தோற்றது. என்எஃப்எல்லில் எல்லாவற்றையும் வென்று கோப்பைவரை போய் முடித்தது 1972 மயாமி டால்ஃபின்ஸ் மட்டுமே: 14 லீக், 3 பிளே-ஆஃப் ஆட்டங்கள்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 90% வாய்ப்புள்ள அணி, இன்றைய 17 லீக் ஆட்டங்களையும் வெல்ல ஏறக்குறைய 17% வாய்ப்பு. 10% மட்டுமே உள்ள அணி 17லும் தோற்கவும் அதே 17%. நல்ல அணிக்கு இன்னும் 3 ஆட்டம் சேர்த்தால் 12%க்கு இறங்கிவிடும். போதாததற்கு, பிளே-ஆஃபில் இடம் உறுதியானதும் பயிற்சியாளர்கள் முக்கிய வீரர்களை உட்கார வைப்பார்கள். 2009இல் 14 ஆட்டங்களை வென்றிருந்த இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ், ஜெட்ஸுக்கு எதிராக தன் நட்சத்திர வீரர் பெய்டன் மேனிங்கை ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே எடுத்தது, தோற்றது. வெற்றியே காணாத அணிக்கு இந்தச் சங்கடம் இல்லை; அதனால் முழுத்தோல்விக்கே வாய்ப்பு அதிகம்.

ஆகவே 'முழுவெற்றிப் பருவம்' என்பது கோப்பையையும் சேர்த்தே. பேட்ரியட்ஸ் கண்டதற்கு 'லீக் முழுவெற்றி' போதும். பருவம் பிடிக்காதவர்கள் 'முழுவெற்றி சீசன்' என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.