துருவ இரவில் ட்ரோம்சோ தெருக்களைப் படமெடுக்க உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக நார்வேயின் வடக்கே ட்ரோம்சோவுக்குக் குடிவந்திருக்கிறேன். இங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, ஆனாலும் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் ஊர் முழுக்க ஒரு நீல வெளிச்சம் பரவுகிறது, அதில் துறைமுகத்துப் படகுகள், பேருந்து நிறுத்தம், ஜன்னலில் விளக்கெரியும் மரவீடுகள் இதையெல்லாம் எடுக்க அவ்வளவு ஆசை. துருவ ஒளியைத் தேடி எத்தனையோ பேர் வருகிறார்கள், எனக்கு இந்தத் தெருக்களே போதும்.

சிக்கல் என்னவென்றால், ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விட்டால் கேமரா அந்த நீலத்தைத் திருத்திச் சாம்பலாக்கிவிடுகிறது. அதை நீங்களே அமைக்கும்போது கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) எவ்வளவு வைக்கிறீர்கள்? பனி மங்காமல் இருக்க எக்ஸ்போஷரை (கேமராவில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டினால் ஜன்னல் விளக்குகள் வெளுத்துப்போகின்றன. பிராக்கெட்டிங் செய்து, அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்களாக எடுத்து, சேர்ப்பதா, இல்லை ஒரே ரா படத்தில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பில்) நிழல் பகுதிகளின் வெளிச்சத்தை ஏற்றுவதா?

குளிருக்கு வழி தெரியும்: பேட்டரி சட்டை உள்பையில், வீட்டுக்குள் வருமுன் கேமரா இறுக மூடிய பிளாஸ்டிக் பையில்.

அப்புறம் மனிதர்கள். இங்குள்ள சட்டப்படி ஒருவரை முக்கியமாகக் காட்டும் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும், அது நியாயமும்கூட. முன்பின் தெரியாதவரிடம் எடுப்பதற்கு முன்பே கேட்பீர்களா, எடுத்துக் காட்டிவிட்டுக் கேட்பீர்களா? நார்வேயில் இருப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்.