கந்தோர் றஃபிள்: சைக்கிள் குழு ஆளுக்கே விழுந்தால்?

சுன்னாகத்தான்:
எங்கட கந்தோர் நலன்புரிச் சங்கம் தெல்லிப்பழை புற்றுநோய்ப் பிரிவு நோயாளருக்காக அதிர்ஷ்டலாபச் சீட்டிழுப்பு நடத்தப்போகுது. 25 ரிக்கற் கொண்ட 40 புத்தகம், ரிக்கற் ஒண்டு 100 ரூபா. முதற்பரிசு லுமாலா சைக்கிள், பிறகு ரைஸ் குக்கர், மின்விசிறி, கொஞ்ச ஆறுதல் பரிசுகள். அச்சுக்கு இன்னும் குடுக்கேல்லை. குழுவில இருக்கிற ஆக்களும் வாங்கத்தான் போயினம். சைக்கிள் அவையில ஒராளுக்கு விழுந்தால் "உள்ளுக்க செய்துபோட்டினம்" எண்ட கதை வரும். என்ன செய்யலாம்? வெண்ட ஆள் மண்டபத்தில இல்லாட்டி எப்பிடி?

கணக்கப்பிள்ளை:
தம்பி, பெட்டிக்குள்ள என்ன போனது எண்டு ஒருத்தருக்கும் தெரியாத இடத்திலதான் அந்தக் கதை கிளம்பும்.

சீட்டிழுப்புக்கு மூண்டு நாளைக்கு முந்தி எல்லாப் புத்தகத்தையும் காசோட திருப்பி எடுங்கோ. "சம்பளத்துக்குப் பிறகு தாறன்" எண்டு போன ரிக்கற்தான் வழமையான வில்லங்கம்: வெண்டால் வாங்கினது, வெல்லாட்டி வாங்காதது. 823 வித்திருந்தால் கையில 82,300 ரூபா, பெட்டிக்குள்ள 823 அடிக்கட்டை (ரிக்கற்றைக் கிழிச்சுக் குடுத்த பிறகு எங்களிட்ட நிக்கிற, வாங்கின ஆளின்ர பேர் எழுதின துண்டு). ஒண்டு கூடினாலும் குறைஞ்சாலும் இழுக்காதேங்கோ. மிச்ச 177ஐயும் அடிக்கட்டையோட சேத்துக் குறுக்கே கோடு போட்டு ரத்தாக்கி, இலக்கங்களை மண்டப வாசல்ல ஒட்டுங்கோ. விக்காத ரிக்கற்றுக்கு சைக்கிள் விழுந்து மறுபடி இழுத்தால், பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் சனம் நம்பாது.

அச்சகத்தில இலக்கமடிச்சு எடுக்கிறது நல்லது. போட்டோகொப்பி எண்டால் சங்கத்தின்ர றபர் முத்திரையைக் கிழிக்கிற கோட்டுக்கு மேல, பாதி ரிக்கற்றிலயும் பாதி அடிக்கட்டையிலயும் விழ அடியுங்கோ. வெண்ட ரிக்கற்றைக் கொண்டு வரேக்க ரெண்டையும் சேத்து வைச்சால் வட்டம் பொருந்தவேணும்.

குழு ஆக்கள் தாராளமா வாங்கட்டும். இழுக்கிற கை, வாசிக்கிற வாய், பதியிற பேனை மூண்டும் ரிக்கற் வாங்காத ஆக்களின்ரயா இருந்தால் போதும்.

பருத்தித்துறைக்காரி:
கணக்கு சரி. கலக்கிறதை ஆரும் கவனிக்கிறேல்லை. 1969 டிசம்பர் 1ஆம் திகதி அமெரிக்காவில வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க, 366 பிறந்த திகதிகளைக் குப்பிகளில அடைச்சுக் கண்ணாடிச் சாடியில இருந்து இழுத்தவை. மாத ஒழுங்கில போட்டு வடிவாக் கலக்காததால, வருசக் கடைசியில பிறந்த ஆக்களின்ர திகதிகள் அளவுக்கு மிஞ்சி முன்னுக்கு வந்திட்டுது. நீங்களும் புத்தகம் புத்தகமாக் கொட்டினால், கடைசியாக் காசு கட்டின பகுதிக்குத்தான் அதிர்ஷ்டம்.

பிஸ்கற் ரின் வேண்டாம், மூலைக்குள்ள சீட்டு இறுகிப்போய் நிண்டிடும். மூடியுள்ள பெரிய வட்ட வாளி எடுங்கோ, உள்ளுக்க தெரியிற பிளாஸ்ரிக் எண்டால் இன்னும் நல்லது. பாதிக்கு மேல நிரப்பினால் சீட்டுப் புரள இடமில்லை. அடிக்கட்டை எல்லாத்தையும் ஒருக்கா மட்டும், ஒரே மாதிரி மடியுங்கோ. மூண்டு தரம் மடிச்சது கைக்குத் தடிப்பாத் தெரியும். ஸ்ரேப்பிளர் பின் கிடந்தால் கழட்டுங்கோ, ஒண்டை ஒண்டு கொளுவி ரெண்டா வரும். ஒவ்வொரு பரிசுக்கும் முதல் வாளியை மூடிக் கவிட்டு உருட்டவேணும். ஆறுதல் பரிசில தொடங்குங்கோ. சைக்கிளை முதல்ல இழுத்தால் மண்டபம் அதோட காலி.

குருநகர்ப் பொடியன்:
வெளியில பொதுமக்களுக்கும் விக்கிற எண்ணம் இருந்தால், அச்சடிக்க முதல் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) கேட்டு எழுத்தில அனுமதி எடுங்கோ. லொத்தர் விசயத்துக்கு சட்டம் இருக்கு. சமயக் காரணத்தால ரிக்கற் வாங்காத ஆக்களும் கந்தோரில இருப்பினம், அவைக்கு நன்கொடைப் பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒண்டு தனிய வையுங்கோ.

சுன்னாகத்தான்:
நன்றி எல்லாருக்கும். ஐஞ்சு பேர் காசு போட்டு ஒரு ரிக்கற் வாங்கினால்? ஒராளுக்கே ரெண்டு பரிசு விழுந்தால்?

கணக்கப்பிள்ளை:
அடிக்கட்டையில ஆரின்ர பேரோ அவருக்குத்தான் பரிசு. ஐஞ்சு பேரெண்டால் ஐஞ்சு பேரும் எழுதவேணும். ஒரு பேர் மட்டும் இருந்தால் பங்கு பிரிக்கிறது அவையின்ர பாடு, சங்கம் தலை போடக்கூடாது.

ரெண்டு பரிசு எடுக்கலாமோ இல்லையோ எண்டதை ரிக்கற்றின்ர பின்பக்கத்தில இப்பவே அச்சடியுங்கோ. இழுத்த பிறகு எழுதிற விதி ஆரோ ஒராளுக்காக எழுதினதாத்தான் படும். வராத ஆளுக்கு 30 நாள் தவணை, ரிக்கற் துலைஞ்சால் அடையாள அட்டையும் கையெழுத்துக் கடிதமும், எடுக்காத பரிசு என்ன ஆகும், எல்லாம் அதிலயே வரட்டும். அடிக்கட்டையில தொலைபேசி இலக்கம் 10 எண்ணும் விளங்குதோ எண்டு விக்கிற ஆள் அந்த இடத்திலயே பாக்கவேணும். விளங்காத இலக்கத்துக்கு 30 நாள் குடுத்தென்ன, 300 நாள் குடுத்தென்ன.

பருத்தித்துறைக்காரி:
சைக்கிளைப் பற்றி ஒண்டு. உத்தரவாத அட்டையில கடைக்காரர் வாங்கின திகதியையும் சங்கத்தின்ர பேரையும் எழுதிக் குடுத்தால், வெண்ட ஆள் பிறகு திருத்தத்துக்குப் போகேக்க இழுபடுவார். சீட்டிழுப்புக்கு எண்டு முதலே சொல்லி, வெண்ட ஆளின்ர பேரிலயும் பரிசு குடுக்கிற திகதியிலயும் அட்டை நிரப்பித் தருவினமோ எண்டு கேட்டு வாங்குங்கோ.