எர்லி டிசிஷன் போட்டால் சீட் நிச்சயமா?

சென்னையிலிருந்து அமெரிக்கா வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, பையன் பதினொன்றாம் வகுப்பு, எல்லோரும் எர்லி டிசிஷன் போடச் சொல்கிறார்கள், போட்டால் சீட் நிச்சயமா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயம் இல்லை. ஆனால் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே, பெரும்பாலும் நவம்பரில் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் கட்டாயம் அங்கேயே சேர்வேன் என்று ஒப்புக்கொள்வதுதான் எர்லி டிசிஷன்.

பிரவுன் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024இல் சேர்வதற்காக எர்லி டிசிஷனில் விண்ணப்பித்த 6,244 பேரில் 898 பேருக்கு இடம் கிடைத்தது. அதாவது நூற்றுக்குப் பதினான்கு. ரெகுலரில், அதாவது ஜனவரியை ஒட்டிப் போடும் வழக்கமான விண்ணப்பத்தில், 42,637 பேரில் 1,623 பேருக்குத்தான் கிடைத்தது. நூற்றுக்கு நான்குகூட இல்லை. இதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் முன்கூட்டி இடம் வாங்குகிறவர்களில் கோச் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்த விளையாட்டு வீரர்களும், அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களைக் கழித்துவிட்டால், நம் பிள்ளைக்குக் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு அந்த எண்கள் காட்டும் அளவுக்கு இருக்காது.

இருந்தாலும் ஓரளவு பலன் உண்டு. கூப்பிட்டால் கட்டாயம் வருவான் என்று தெரிந்த மாணவனுக்கு இடம் கொடுப்பது கல்லூரிக்கு வசதி. மதிப்பெண்ணும் எடுத்த பாடங்களும் அந்தக் கல்லூரிக்குப் பொருந்தி வந்தால் இது கைகொடுக்கும். எட்டாத இடமாக இருந்தால் நவம்பரில் போட்டாலும் ஜனவரியில் போட்டாலும் ஒன்றுதான். பெரும்பாலான கல்லூரிகள் தங்கள் அட்மிஷன் புள்ளிவிவரங்களை ‘காமன் டேட்டா செட்’ என்று வெளியிடுகின்றன. அதில் சி21 என்ற பகுதியில் எர்லி டிசிஷன் எண்ணிக்கை இருக்கும். அதை நீங்களே பாருங்கள்.

இனி பணம். நான் மிகவும் கவலைப்படுவது இதில்தான். போன வருடம் அக்டோபர் கடைசியில் மகள், “அப்பா, காமன் ஆப்பிலிருந்து மெயில் வந்திருக்கும், கையெழுத்துப் போடுங்க” என்றாள். காமன் ஆப் என்பது பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்; அதிலிருந்து வந்தது எர்லி டிசிஷன் ஒப்பந்தம். பெயரை டைப் செய்தால் போதும், வேலை முடிந்துவிடும். ஆனால் இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும் என்பது நிபந்தனை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு முறை வாசியுங்கள் என்றாள். அன்று இரவு நான் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் அந்தக் கல்லூரியின் இணையதளத்தில், உதவி போக நாம் கட்ட வேண்டிய தொகையைக் கணித்துக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் சம்பளம், சேமிப்பு எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். வந்த தொகையை நான்கு வருடமும் கட்ட முடியும் என்று தெரிந்த பிறகுதான் போட்டேன்.

எங்களிடம் கிரீன் கார்டு இருந்தது. உங்கள் பையன் எச்-4இல், அதாவது எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருந்தால் கணக்கே வேறு. அரசாங்கத்தின் ஃபெடரல் உதவி அவனுக்குக் கிடையாது. பல கல்லூரிகள் அவனை வெளிநாட்டு மாணவனாகத்தான் பார்க்கும். அப்படிப் பார்க்கும் இடங்களில், பண உதவி கேட்பதே அட்மிஷன் வாய்ப்பைக் குறைக்கலாம். ஹார்வர்ட், எம்ஐடி போன்ற சில கல்லூரிகள் மட்டும்தான் வெளிநாட்டு மாணவர்களிடமும் உதவி கேட்கிறார்களா என்று பார்ப்பதில்லை. கால்குலேட்டரும் பெரும்பாலும் இந்த நாட்டு மாணவர்களுக்காகச் செய்ததுதான். அதனால் விசா நிலையைச் சொல்லி அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிடைக்கும் உதவி போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பது சரிதான். ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். டிசம்பரில் பெரும்பாலும் வேறு எந்தக் கல்லூரியின் ஆஃபரும் கையில் இருக்காது, ஒப்பிட்டுப் பேரம் பேச வழியும் இருக்காது.

இன்னொன்று. நவம்பர் 1ஆம் தேதி விண்ணப்பிக்கும்போது அவனிடம் இருப்பது ஏறக்குறைய ஒரு வருட அமெரிக்க மதிப்பெண்தான். புதிதாக வந்த பிள்ளைக்கு இது சிறு குறை. என்.ஒய்.யு., வாண்டர்பில்ட், எமரி போன்ற இடங்களில் எர்லி டிசிஷன் 2 என்ற இரண்டாவது சுற்றும் உண்டு. அதன் கடைசித் தேதி ஜனவரியை ஒட்டி வரும் என்பதால், பன்னிரண்டாம் வகுப்பில் அவன் முன்னேறியதைக் காட்ட நேரம் கிடைக்கும்.

நம் பிள்ளைகள் எஞ்சினியரிங்குக்குக் குறிவைக்கும் பர்டியூ, ஜார்ஜியா டெக், இல்லினாய் அர்பானா போன்றவற்றில் கட்டுப்படுத்தாத எர்லி ஆக்‌ஷன்தான்; முன்கூட்டி விண்ணப்பித்து இடம் கிடைத்தாலும் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கெல்லாம் தயங்காமல் முன்கூட்டியே போடுங்கள். யூசிக்கள் எனப்படும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களில் எர்லி டிசிஷன், எர்லி ஆக்‌ஷன் இரண்டுமே இல்லை.

அப்புறம், பள்ளி கவுன்சிலரிடம் இந்த மாதமே நேரம் வாங்குங்கள். எர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் உங்கள் பையனை அவருக்கு ஒரு வருடமாகத்தான் தெரியும். சென்னைப் பள்ளியின் மார்க் ஷீட்டுகளைக் கையோடு கொண்டுபோய், அங்கே மதிப்பெண் எப்படிப் போடுவார்கள் என்பதை அவனையே அவருக்கு விளக்கச் சொல்லுங்கள்.