மறு: மறு: ஜாவா பாடக்குறிப்பு: 'வகுப்பு' என்றே போடலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

திங்கள் முதல் தொடக்கநிலை மாணவர்களுக்கு ஜாவா நிரல்மொழி எடுக்கிறேன். பயிற்சி நிரல் வழக்கமானதுதான்: மாணவர், பாடம், யார் எதில் சேர்ந்திருக்கிறார் என்ற விவரம். குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பத்தியிலேயே வண்டி நிற்கிறது. கிளாஸுக்கு (மாணவர், பாடம் போன்ற ஒவ்வொன்றிலும் என்ன விவரம், என்ன செயல் இருக்கும் என்று நிரலில் வரையும் அச்சு) எல்லோரையும் போல 'வகுப்பு' என்று போட்டேன். அப்புறம் "மாணவர் வகுப்பில் மதிப்பெண்ணை வைக்கக் கூடாது" என்று ஒரு வரி வந்தது. படிக்கிறவர் எதை நினைப்பார், கிளாஸையா, பள்ளி வகுப்பையா? வங்கிக் கணக்கு நிரலென்றால் இந்தச் சிக்கலே இல்லை.

இன்னொன்று. ஒருவர் பல பாடம் எடுப்பார், ஒரு பாடத்தில் பலர் இருப்பார்கள். ஆகவே மதிப்பெண் மாணவருக்குள்ளும் அடங்காது, பாடத்துக்குள்ளும் அடங்காது. அதையும் சேர்ந்த தேதியையும் வைக்க மூன்றாவது கிளாஸ் வேண்டும். அதன் பெயர் 'சேர்க்கை'யா, 'பதிவு'வா? ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.

* * *

> அப்புறம் "மாணவர் வகுப்பில்..." என்று ஒரு வரி வந்தது.

வகுப்பின் மேல் பழி போடாதீர்கள், அம்மா. வகு என்னும் பகுதியில் பிறந்த சொல். "வகுத்தான் வகுத்த வகையல்லால் கோடி தொகுத்தார்க்கும்" என்கிறது குறள். வகுப்புக்கு இணையாக, பலவற்றைச் சேர்த்துவைக்கும் அமைப்புக்குத் தொகுப்பும் அங்கேயே கிடைக்கிறது. கலெக்‌ஷனுக்குத் தனியே சொல் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் என் வாக்கு 'திணை'க்குத்தான். தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணைப் பகுப்பில். மாணவர் உயர்திணை, பாடம் அஃறிணை. திணையின் கீழ் பால். ஐம்பாலையும் வரைந்து பாருங்கள், மரபுரிமைப் படமே (எந்தக் கிளாஸ் எதன் பண்பைப் பெறுகிறது என்ற படம்) வந்துவிடும். கிளாஸை வைத்து உருவாக்கும் ஆப்ஜெக்டுக்குப் 'பொருள்' இருக்கவே இருக்கிறது: "எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே."

* * *

ஐயா, அந்த நூற்பாவில் பொருள் என்றால் அர்த்தம். நிரலில் அதைச் சொன்னால் பையன்கள் 'மாணவர் பொருள்' என்பதை அகராதியில் தேடுவார்கள். திணையும் வேண்டாம். இலக்கணத்தில் இரண்டே இரண்டு, அகத்திணைகளோடு சேர்த்தாலும் எண்ணிவிடலாம். ஜாவாவில் நாளுக்கு நாள் புதிது எழுதுகிறோம்.

எனக்கு வேறு கவலை. நிரலுக்குள்ளேயே தமிழ்ப் பெயர் வைக்கப் போகிறீர்களா? வைக்கலாம், புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் ஜாவா ஏற்கும். ஆனால் 'தொகுப்பு' என்பதில் உள்ள 'ொ' சில விசைப்பலகைகளில் ஒரே குறியீடாக விழும், வேறு சிலவற்றில் 'ெ', 'ா' என இரண்டாக. திரையில் வித்தியாசம் தெரியாது. நிரலை மொழிமாற்றும் கம்பைலருக்கோ அவை இரண்டு பெயர்கள். "இப்படி ஒரு பெயரே இல்லை" என்று அது பிழை காட்டும்போது, முதல் வாரத்து மாணவர் திரையை முறைப்பதைத் தவிர என்ன செய்வார்?

போதாக்குறைக்கு நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆங்கிலத்தில் போல முதலெழுத்தை வைத்துப் பிரிக்க முடியாமல், கிளாஸும் மாறியும் (மதிப்பை வைக்கும் பெயர்) ஒரே தோற்றத்தில் நிற்கும்: "மாணவர் மாணவர் = நியூ மாணவர்()". ஜாவா வாங்கிக்கொள்ளும், படிக்கிறவருக்குத் தலை சுற்றும்.

* * *

மாறிக்கு 'ஒருமாணவர்' என்று வைத்தால் போயிற்று. ஆனால் போன மாதம் இங்கே ஒருவர் எழுதிய 'மாணவரைசேர்()' என்ற மெத்தட் (செயல்) பெயர் என் கண்ணை உறுத்துகிறது. இரண்டாம் வேற்றுமை விரிந்தால் வல்லினம் மிகும். 'மாணவரைச்சேர்()' என்றே இருக்க வேண்டும்.

* * *

மிகட்டும் ஐயா. ஒருவர் ஒற்றோடு எழுதுவார், அடுத்தவர் ஒற்றில்லாமல் அழைப்பார். நிரல் நிற்கும்.

* * *

கேட்ட கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் போல. 'சேர்க்கை' என்பது நிறுவனத்துக்குள் நுழைவது. பருவத்துக்குப் பருவம் பாடம் எடுப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'பதிவு' தொழிற்பெயர்தான், ஆனால் பதிந்து கிடப்பதையும் குறிக்கும், தொழிலாகுபெயர். கிளாஸுக்கு அதுதான் வேண்டும்: பதிவதற்கு மெத்தட் இருக்கட்டும், பதிந்தது ஆப்ஜெக்டாக இருக்கட்டும். ஒரே சங்கடம், ஜாவா 16 முதல், தரவை வைக்க ரெக்கார்ட் என்று ஒரு கிளாஸ் வகை நிலைபெற்றுவிட்டது. அதையும் பதிவு என்றுதான் மொழிபெயர்ப்போம். ஆகவே 'பாடப்பதிவு'. முடிந்தால் பாடத்தைப் 'பாடநெறி' ஆக்குங்கள், எங்கள் ஈழ வழக்கு அது. பாடம் என்றால் ஒருநாள் பாடமும்தானே?

* * *

'பாடநெறிப்பதிவு'. அடிக்கவே மூச்சு வாங்குகிறது. இதற்கு 'வகுப்பு'க்குப் பதில் கிளாஸ் என்றே எழுதிவிட்டுப் போகலாம். அந்தச் சொல் 1967இல் சிமுலா என்ற நிரல்மொழியில் வந்தது முதல் இதே குழப்பம் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

* * *

அனைவருக்கும் நன்றி. மணி பதினொன்று, இதோடு நிறுத்துகிறேன். குறிப்பில் 'வகுப்பு' இருக்கும். பள்ளிப் பொருளில் அந்தச் சொல்லை எங்கும் எழுதமாட்டேன். மூன்றாவது கிளாஸ் 'பாடப்பதிவு': ஒரு மாணவர், ஒரு பாடம், தேதி, மதிப்பெண். முதல் இரண்டையும் கன்ஸ்ட்ரக்டரிலேயே (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் பகுதி) கேட்டு வாங்கும். நிரலில் பெயர்கள் ஆங்கில எழுத்தில், விளக்கம் தமிழில். பாடநெறிக்கு இருவர் ஆதரவு, பாடத்துக்கு நால்வர்.

* * *

திணையை யாரும் எண்ணவே இல்லை. நிரலை ஆங்கில எழுத்தில் எழுதி ஒற்றுச் சண்டையிலிருந்தும் நழுவிவிட்டீர்கள். விளக்கத்திலாவது 'மாணவரைச் சேர்' என்று எழுதியிருக்கிறீர்களா? அனுப்புமுன் எனக்கு ஒரு படி காட்டுங்கள்.