வேப்பம்பலகையை இழைக்கும்போது இழை பெயர்கிறது: பிளேடு நிமிர்ந்த இழைப்புளியை வீட்டிலேயே செய்யலாமா?

கொல்லைப்பட்டறை (மன்னார்குடி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் கொல்லையில் சாய்ந்த வேப்பமரத்தை அறுவை மில்லில் கொடுத்து ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து வைத்திருந்தோம். இடையிடையே ரீப்பர் கொடுத்து, மழை படாத கொட்டகையில் அடுக்கியிருந்ததால் அவை நன்றாகக் காய்ந்துவிட்டன. முனைகளில் மட்டும் சிறு வெடிப்புகள் உண்டு. அந்தப் பலகைகளில் என் மகளுக்கு ஒரு படிப்பு மேசை செய்துகொண்டிருக்கிறேன்.

மேல்பலகையை இழைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இரண்டு விரல் அகலத்துக்குச் சீவல் சுருள் சுருளாக வருகிறது. அதை ஒட்டிய அடுத்த பட்டையில், அதே திசையில் தள்ளும்போதே, இழை செதில் செதிலாகப் பெயர்ந்து குழி விழுகிறது. எதிர்த்திசையிலிருந்து தள்ளினால் பெயர்ந்த பட்டை ஒழுங்காகிறது, ஒழுங்காக இருந்தது பெயர்கிறது. என்னிடம் இருப்பது இரண்டு அங்குல பிளேடு கொண்ட சாதாரண இரும்பு இழைப்புளி. பிளேடு சற்று நிமிர்ந்து நிற்கும் இழைப்புளி இதற்கு உதவும் என்று படித்தேன். அதைக் கட்டையில் தாமே செய்தவர்கள் யாரேனும் இருந்தால், அளவுகளையும் செய்முறையையும் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மூலைமட்டம் எழுதியது:

வணக்கம். குறை உங்கள் கையில் இல்லை, மரத்தின் இயல்பே அது. வேம்பும் மகோகனியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் இழை பின்னியபடி வளர்வதுண்டு. மரம் பருக்கும்போது சில காலம் இழை இடப்பக்கமாகவும், பிறகு சில காலம் வலப்பக்கமாகவும் முறுக்கிக்கொள்வதால், அறுத்த பலகையில் ஒரு பட்டை நம்மை நோக்கியும் அடுத்த பட்டை நமக்கு எதிராகவும் சரிந்து கிடக்கும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பாதிப் பலகை எதிர் இழையாகவே அமையும்.

புதிய இழைப்புளி செய்வதற்கு முன் கையிலுள்ளதில் மூன்றைச் சரிபாருங்கள். பிளேடு முன்கை மயிரைச் சிரைக்கும் அளவுக்குக் கூராக இருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த கூர் ஒருபோதும் போதாது. பிளேடின் மேல் திருகப்பட்டிருக்கும் மேல்தகட்டை, வெட்டுவிளிம்பிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் வரும்படி முன்னே தள்ளிப் பொருத்துங்கள். அது சீவலை உடனே மடக்குவதால் இழை பிளந்துகொண்டு ஓடுவது நிற்கும். சீவலையும் வெங்காயத் தோல் அளவுக்கு மெலிதாக எடுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. இரும்பு இழைப்புளியில் பிளேடு 45 பாகையில் சாய்ந்திருக்கும். பிளேடின் தட்டையான முகத்தில், விளிம்பை ஒட்டி மிகக் குறுகலாக 10 பாகைச் சரிவு ஒன்றைத் தீட்டினால் வெட்டும் கோணம் 55 ஆகிவிடும். ஆனால் அந்தச் சரிவைப் பிறகு நீக்குவதற்கு நிறைய இரும்பைத் தேய்க்க வேண்டியிருக்கும் என்பதால், இதற்கென்று தனியாக ஒரு பிளேடு வைத்துக்கொள்வது நல்லது.

கருவேலங்கட்டை எழுதியது:

மேலே சொன்னவை யாவும் சரி. ஆனாலும் கேட்டவர் செய்து பார்க்க விரும்புகிறார். அது செய்து பார்க்க வேண்டிய பொருள்தான் என்பது என் உறுதியான கருத்து. இழைப்புளி எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்றைச் செய்யும்போது புரிவதுபோல் வேறெதிலும் புரிவதில்லை.

முழுக்கட்டையைக் குடைய வேண்டாம். நடுக்கட்டை ஒன்று, இரு பக்கங்களுக்கும் மெல்லிய பலகைகள் இரண்டு என்று ஒட்டிச் செய்வதே எளிது. உங்கள் 50 மில்லிமீட்டர் பிளேடுக்கு நடுக்கட்டை 53 மில்லிமீட்டர் அகலம், 55 உயரம், 250 நீளம் இருக்கட்டும். பக்கப் பலகைகள் 10 மில்லிமீட்டர் கனம் போதும். நன்கு காய்ந்த கருவேலம், வேங்கை, புளியமரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி என்று கெட்டியான எதுவும் ஆகும்.

நடுக்கட்டையின் முன்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடிப்பரப்போடு 55 பாகை வரும்படி பின்னோக்கிச் சாய்த்து அறுங்கள். பின்துண்டின் அந்தச் சரிவில்தான் பிளேடு படுக்கும். அதில் ஒளி புகும் இடுக்குகூட இல்லாமல் சமமாகச் சீவ வேண்டும். மேல்தகட்டுடன் பிளேடைப் பொருத்துவதானால், அதன் திருகுத்தலை அமர்வதற்குச் சரிவின் நடுவே ஒரு காடி எடுங்கள். முன்துண்டை எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அறுத்தால் சீவல் வெளியேற வழி கிடைக்கும்.

இனித்தான் கவனம் தேவை. இரு துண்டுகளையும் பக்கப் பலகைகளுக்கு இடையே வைத்து, பிளேடின் விளிம்பு அடியில் எட்டிப் பார்க்காதபடி வாயை, அதாவது பிளேடு வெளிவரும் அடிப்பக்க இடுக்கை, மூடியே அமைத்து, நான்கு மூலைகளிலும் சிறு மூங்கில் ஆணிகள் இறக்குங்கள். பசை தடவிக் கிளாம்ப் இறுக்கும்போது துண்டுகள் வழுக்கி ஓடாமல் அந்த ஆணிகள் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே பக்கப் பலகைகளில் துளையிட்டு, 12 மில்லிமீட்டர் தண்டு ஒன்றைக் குறுக்கே கொடுக்க வேண்டும். தண்டுக்கும் பிளேடுக்கும் நடுவே ஆப்பு நுழைய 8 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் விடுங்கள்.

பசை காய்ந்ததும் பிளேடைச் சற்று உள்ளே இழுத்த நிலையில் ஆப்பை இறுக்கி, கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் அடிப்பரப்பைத் தேயுங்கள். ஆப்பு இறுகும்போது கட்டை மிக நுண்ணிய அளவில் வளைவதால், இறுக்கிய நிலையிலேயே மட்டமாக்க வேண்டும். கடைசியாக அரத்தால் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அரை மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கோணத்தில் தள்ளுவதற்குக் கை பலம் கூடுதலாக வேண்டும். அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் இலகுவாக ஓடும்.

சுரண்டித்தகடு எழுதியது:

நல்ல விளக்கம். எவ்வளவு நல்ல இழைப்புளியானாலும் வேம்பில் ஓரிரு இடங்கள் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். பழைய கைவாளின் தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, விளிம்பை அரத்தால் செங்கோணமாக்கி, ஸ்க்ரூட்ரைவரின் தண்டால் அழுத்தி இழுத்து நுண்ணிய பிசிறு ஏற்றுங்கள். தகட்டைக் கட்டைவிரல்களால் சற்றே வளைத்துத் தள்ளினால், எந்த இழையானாலும் தூளாக இல்லாமல் மெல்லிய சீவலாகவே வரும். வேப்பந்தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும் என்பதால் உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அணியுங்கள்.

மேல்பலகையைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை அகலவாக்கில் விரியும். சித்திரை வெயிலில் சுருங்கும். அடியிலிருந்து திருகு போட்டு, சட்டத்திலுள்ள துளையைப் பலகையின் அகலவாக்கில் நீள்துளையாக எடுத்தால் பலகை வெடிக்காது.

கொல்லைப்பட்டறை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேல்தகட்டை நெருக்கி வைத்ததிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டது. மீதிக்காகக் கருவேலத்தில் கட்டை அறுக்கத் தொடங்கிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: திருகு எதுவும் இல்லாத இந்த இழைப்புளியில் சீவலின் கனத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது?

கருவேலங்கட்டை எழுதியது:

சிறு சுத்தியலால் பிளேடின் மேல்முனையில் தட்டினால் பிளேடு இறங்கும். கட்டையின் பின்முனையில் தட்டினால் ஏறும். ஒருபக்கம் மட்டும் கனமாகச் சீவினால் பிளேடின் விலாவில் தட்டிச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் ஆப்பை மெல்ல இறுக்கிவிட்டு, ஒரு துண்டுக் கட்டையில் சீவிப் பார்த்த பிறகே மேசைப் பலகைக்குப் போங்கள்.