வெர்ச்சுவல் மெஷின் இம்போர்ட்: பெர்மிஷன் டினைடு

கேள்வி: யாங்கூனில் கரண்ட் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று பழைய கம்ப்யூட்டரின் வெர்ச்சுவல் மெஷினை (கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) உபுண்டு 22.04 லினக்ஸுக்கு மாற்ற உட்கார்ந்தேன், டிஸ்க் ஃபைல் என் டவுன்லோட்ஸில்தான் இருக்கிறது, என் பெயரில்தான் இருக்கிறது, ஆனாலும் வெர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜர் புரோகிராம் பெர்மிஷன் டினைடு (அனுமதி இல்லை) என்கிறது. ஃபைலுக்கு 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்) கூடப் போட்டாச்சு!

பதில்: 777ஐ முதலில் எடுங்கள் தம்பி. மெஷினை ஓட்டுவது நீங்கள் இல்லை, லிப்வர்ட்-கியூஈஎம்யூ என்ற தனி யூசர். உபுண்டு 21.04 முதல் புது யூசரின் ஹோம் ஃபோல்டருக்கு 750தான் (ஓனரும் அவர் குரூப்பும் மட்டும்தான் நுழையலாம்), அதனால் அந்த யூசர் வாசலிலேயே நின்றுவிடுகிறது, உள்ளே ஃபைல் திறந்து கிடந்து என்ன பயன்? சூடோ (அட்மின் அதிகாரம் தரும் கமாண்ட்) போட்டு /வார்/லிப்/லிப்வர்ட்/இமேஜஸ் ஃபோல்டருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இம்போர்ட் செய்யுங்கள்.

இன்னொருவர்: மூவ் வேண்டாம், காப்பி செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் பழைய ஃபைலாவது மிஞ்சும்.

கேட்டவர்: சரிண்ணே, ஓடுகிறது. காப்பி முடிவதற்குள் டீதான் ஆறிப்போச்சு.