விடுமுறை வாடகை வீடு: திரும்பவும் போகத் தோன்றுகிற வீட்டைப் படத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

மூட்டைமுடிச்சு:
பெரியவர்கள் 6, பிள்ளைகள் 2, மொத்தம் 5 இரவு. முழு வீடாக எடுக்கலாம் என்று மூன்று வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறோம். மூன்றுமே படத்தில் பளபளக்கின்றன, மூன்றுக்கும் மதிப்பெண் 4.8க்கு மேல். "இனி வந்தால் இதே வீடுதான்" என்று பலரும் எழுதுகிற வீடுகளில் அப்படி என்னதான் இருக்கிறது? பணம் கட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் என்ன கேட்க வேண்டும்? ஒரு வீட்டில் வெந்நீர் நீச்சல்குளம் இருக்கிறதாம், அதற்குத் தனிக் கட்டணம் வேறு.

ஜன்னலோரம்:
முதலில் அந்த 4.8ஐ மறந்துவிடுங்கள். ஏர்பிஎன்பி வாடகைத் தளத்தில் நல்ல உரிமையாளருக்குத் தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டம் வாங்கவே 4.8 வேண்டும், அதனால் நல்ல வீடு, சுமார் வீடு எல்லாமே அந்தப் பக்கத்தில்தான் குவிந்து கிடக்கும். எண்ணை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். கடைசி ஆறு மாத விமர்சனங்கள் போதும். விமர்சனப் பகுதியில் தேடும் வசதி இருந்தால் வெந்நீர், சத்தம், படிக்கட்டு, வாடை, வைஃபை என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். "உரிமையாளர் கூப்பிட்ட உடனே வந்தார்" என்று நாலு பேர் பாராட்டியிருந்தால், அந்த நாலு பேருக்கும் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கிறது. அந்தப் பாராட்டை இப்படித்தான் படிக்க வேண்டும்.

படங்களில் இருப்பதைவிட இல்லாததைத் தேடுங்கள். 30 படத்தில் குளியலறை ஒன்றே ஒன்று, அதுவும் கண்ணாடியும் பூச்சாடியும் மட்டும் என்றால் மிச்சத்தைக் காட்ட விருப்பமில்லை. எல்லா அறையிலும் திரைச்சீலை மூடியிருந்தால் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கலாம். அறை பெரிதாகத் தெரிகிறதே என்று மயங்க வேண்டாம், அகலக் கோண லென்ஸ் செய்கிற வேலை அது. படத்தின் ஓரத்தில் இருக்கும் நாற்காலியோ விளக்கோ பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தால் அதுதான் அடையாளம். கட்டிலை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் படுக்கும் கட்டில் சுமார் 2 மீட்டர் நீளம். அதன் கால்மாட்டுக்கும் சுவருக்கும் நடுவே பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்கிறதா என்று அதை வைத்தே கணக்குப் போடலாம்.

"8 பேர் தங்கலாம்" என்பதைக் கட்டில்களாகப் பிரித்துப் பாருங்கள். அதில் இரண்டு பேர் கூடத்துச் சோபாவில் படுக்கிற கணக்காக இருந்தால், அவர்கள் எழும்வரை யாரும் கூடத்தில் நடமாட முடியாது. உங்கள் கூட்டத்துக்கு அப்படிப்பட்ட வீடு 6 பேர் வீடுதான்.

சுத்தம் செய்யும் கட்டணத்தையும் பாருங்கள். எத்தனை இரவு தங்கினாலும் அது ஒரே தொகை. ஓர் இரவு வாடகைக்குச் சமமாக இருந்தால் 2 இரவுக்கு 50 சதவீதம் கூடுதல், 5 இரவுக்கு 20 சதவீதம். ஓர் இரவு வாடகையை மட்டும் வைத்து வீடுகளை ஒப்பிடாதீர்கள், மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

வால்வுக்காரர்:
ஜன்னலோரம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எட்டுப் பேர் போகிற வீட்டில் சண்டை மூட்டுவது கட்டிலோ ஜன்னலோ இல்லை, வெந்நீர். யாருமே கேட்காத கேள்வியும் அதுதான்.

கணக்கு எளிது. ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் விடுகிறது, ஒருவர் 7 நிமிடம் குளிக்கிறார் என்றால் 56 லிட்டர். எட்டுப் பேருக்கு 448 லிட்டர், 40 டிகிரியில். வீட்டில் இருப்பது 50 லிட்டர் தொட்டி, 60 டிகிரி சூடு, குழாய்த் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கலந்தால் 40 டிகிரியில் 100 லிட்டர். கணக்குக்குத்தான் 100; வெந்நீர் வெளியே போகப் போகத் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் ஏறுவதால் கைக்கு வருவது 80தான். முதல் ஆள் முழுசாகக் குளிப்பார், இரண்டாவது ஆள் சோப்பு போட்ட நிலையில் கத்துவார். மறுபடி சூடாக 2 கிலோவாட் ஹீட்டருக்கு 70 நிமிடம் பிடிக்கும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கினால் இதைவிட மோசம்.

அதனால் "வெந்நீர் உண்டா?" என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் பதில் வரும். "தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை கிலோவாட், இரண்டு குளியலறைக்கும் ஒன்றேதானா?" என்று கேளுங்கள். தொட்டியில்லாத கேஸ் ஹீட்டர் என்றால் அளவுக் கவலை இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் திறந்தால் இரண்டிலும் வேகமோ சூடோ குறையலாம்.

குளத்துக்கு வருவோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர் என்றால் சுமார் 45,000 லிட்டர். அதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற 52 யூனிட் வெப்பம் வேண்டும். 10 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரம் என்றால் டிகிரிக்கு 5 மணி நேரத்துக்கு மேல். இரவில் மூடி போடவில்லையென்றால் பகலில் ஏறினதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும். "வெந்நீர்க் குளம்" என்று விளம்பரத்தில் இருக்கும், நீங்கள் போன பிறகுதான் ஸ்விட்சைப் போடுவார்கள். எப்போது போடுவார்கள், மூடி உண்டா, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வருவதால், குளத்தைச் சுற்றித் தானாகவே மூடிக்கொள்ளும் கதவோடு வேலி இருக்கிறதா என்பதை இதற்கெல்லாம் முன்பே கேட்க வேண்டும். கூடத்துக் கதவைத் திறந்தால் நேரே குளம் என்பது படத்துக்கு அழகு, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

மூட்டைமுடிச்சு:
அப்பாடா, இந்தக் கணக்கு எதிர்பார்க்கவே இல்லை. அந்த வீட்டுக்காரருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். சமையலறைக்கும் இப்படி ஏதாவது கணக்கு உண்டா? ஐந்து நாளும் வீட்டில்தான் சமையல்.

சாவிக்கொத்து:
கணக்கு பெரிதாக இல்லை. சமையலறை அலமாரிகளைத் திறந்து வைத்து ஒரு படம் கேளுங்கள். எட்டுப் பேர் வீட்டில் மிகப் பெரிய பாத்திரம் 3 லிட்டர், தட்டு ஆறு என்பது சகஜம். அடுப்பு இண்டக்‌ஷன் என்றால் நீங்கள் கொண்டு போகும் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாத அலுமினியமோ செம்போ சூடாகாது. கத்தி நிச்சயம் மழுங்கல்தான். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத சொரசொரப்பான வளையம் தெரியும். அதில் கத்தியை 20 டிகிரி சாய்த்துப் பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் ஐந்து நாளைக்குத் தாங்கும்.

கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே லைனில் வேண்டாம். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பிரேக்கர் தாங்குவது 3,680 வாட். அவை இரண்டுமே சேர்ந்து அதைத் தொட்டுவிடும். பிரேக்கர் விழுந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். ஏற்றிய உடனே மறுபடி விழுந்தால் கை வைக்காமல் உரிமையாளரைக் கூப்பிடுங்கள்.

நான் முக்கியம் என்று நினைப்பது உள்ளே நுழைந்த முதல் அரை மணி நேரம். பெட்டியைப் பிரிக்காதீர்கள், மெத்தைகளைப் பார்த்து முடிக்கும்வரை குளியலறைத் தரையிலேயே இருக்கட்டும். வாசலில் தொடங்கி ஒரே வீடியோவாக எல்லா அறையையும் எடுங்கள். சோபாக் கறை, மேசைக் கீறல், உடைந்த கைப்பிடி எல்லாம் விழ வேண்டும். பிறகு ஒவ்வொரு மெத்தையிலும் தலைமாட்டு மூலையில் விரிப்பை உருவி, தையல் மடிப்பை விரலால் பிரித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சி ஆப்பிள் விதை அளவுதான், பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். பேனா மையால் குத்தினது போன்ற கறுப்புப் புள்ளிகள்தான் முதலில் கண்ணில் படும். பார்த்தால் அங்கேயே படம் எடுத்து அனுப்புங்கள்.

குளியலறையில் சாக்கடை வாடை வந்தால் உடனே வீட்டைக் குறை சொல்ல வேண்டாம். சில வாரம் ஆள் இல்லாவிட்டால் தரை வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றி, குழாய்க் காற்று மேலே வரும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் பொறுங்கள். அதற்கப்புறமும் வந்தால்தான் பிரச்சினை.

கேஸ் ஹீட்டரோ விறகு கணப்போ இருக்கிற வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்த நச்சு வாயுவுக்கு மணமும் நிறமும் கிடையாது. கையடக்க அலாரம் ஒன்றைக் கொண்டு போவது இன்னும் நல்லது. கேஸ் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிடுங்கள்.

குறை எதுவானாலும் செயலியின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள், தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. ஏர்பிஎன்பியில் குறையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் ஏதோ உடைத்துவிட்டதாக உரிமையாளர் கேட்பதற்கு வெளியேறியதிலிருந்து 14 நாள் அவகாசம் உண்டு, அதுவரை அந்த வீடியோவை அழிக்காதீர்கள். வீட்டுக்குள் கேமராவை அவர்கள் 2024 ஏப்ரல் 30 முதல் அடியோடு தடை செய்துவிட்டார்கள், முன்கூட்டியே அறிவித்திருந்தாலும் கூடாது. வாசலில் வைக்கலாம், ஆனால் விளம்பரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

ஜன்னலோரம்:
ஒரு எச்சரிக்கை. இருபது கேள்வியை ஒரே நாளில் தனித்தனியாக அனுப்பினால் "இவங்க தொல்லை" என்று மறுத்துவிடுவார்கள். நாலு கேள்வி, ஒரே செய்தி. தொட்டி அளவு, கட்டில் கணக்கு, அலமாரிப் படம், வைஃபை வேகத்தின் ஸ்கிரீன்ஷாட். பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேராக வருகிறது என்பதே பாதி விடை.

மூட்டைமுடிச்சு:
குளத்து வீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது, இரண்டே மணி நேரத்தில். தொட்டி 80 லிட்டர், 3 கிலோவாட், இரண்டு குளியலறைக்கும் ஒன்றுதான். குளம் நீங்கள் சொன்ன அதே அளவு, வேலி உண்டு, மூடி உண்டு, இயந்திரம் 12 கிலோவாட். இப்போது தண்ணீர் 22 டிகிரி. மாலை 4 மணிக்கு நாங்கள் சாவி வாங்கியதும் போடுவாராம்.

வால்வுக்காரர்:
நேர்மையான ஆள், விடாதீர்கள். தொட்டியில் கைக்கு வருவது 130 லிட்டர், இரண்டு பேருக்குத் தாராளம். மறுபடி சூடாக ஒன்றேகால் மணி நேரம். இரவு நாலு பேர், காலை நாலு பேர் என்று பிரித்து, ஒவ்வொரு நாலிலும் இரண்டு பேருக்கு அப்புறம் இடைவெளி விட்டால் சண்டை வராது. குளத்தை 22லிருந்து 28க்குக் கொண்டுவர 26 மணி நேரம், இரவு இழப்பையும் சேர்த்தால் உங்களுக்கு மூன்றாம் நாள் காலைதான் இறங்கலாம். ஐந்தில் இரண்டு இரவு போச்சு. ஒன்றரை நாள் முன்னதாகப் போடச் சொல்லுங்கள். முன்னால் தங்குபவர்கள் இருப்பதால் முடியாது என்றால், குளத்துக் கட்டணத்தை மூன்று நாளுக்கு மட்டும் போடச் சொல்லிக் கேளுங்கள்.